இருநூறு டாலருக்குக் கையெழுத்து, அறுபது டாலருக்குப் பேரம்

ஜனவரி கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வெளியே மைனஸ் 19. மூன்று வயது மகளை டேகேரில் விட டொரண்டோவின் 401 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். ஹீட்டரில் வந்துகொண்டிருந்த சூடான காற்று திடீரென்று ஜில்லென்று ஆனது. ஏதோ பட்டனைத் தட்டிவிட்டோம் போல என்று நினைத்து வெப்பத்தை முழுசாகக் கூட்டினேன். இன்னும் ஜில். ரெண்டு நிமிஷத்தில் டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு தெர்மாமீட்டர் படம் எரிந்தது. உள்ளே நாங்கள் நடுங்குகிறோம், பானட்டுக்குக் கீழே என்ஜின் கொதிக்கிறது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு பிளாசா வாசலில் நிறுத்தி என்ஜினை அணைத்தேன். மகள் பின் சீட்டிலிருந்து, "அப்பா, ஏன் கார் தூங்குது?" என்றாள்.

குளிரும் கொதிப்பும் ஒரே நேரத்தில் எப்படி என்று கேட்டால், பதில் ஒன்றுதான். காருக்குள் வரும் சூடு தனி அடுப்பில் உருவாவதில்லை. என்ஜினைச் சுற்றி ஓடும் கூலண்ட் சூடாகி, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாகப் போகிறது. அதன் மேல் ஃபேன் ஊதுகிறது. கூலண்ட் குறைந்து குழாயில் காற்று புகுந்துவிட்டால் அந்தக் குட்டி ரேடியேட்டருக்குச் சூடும் வராது, என்ஜினில் இருக்கும் சூடு வெளியேறவும் செய்யாது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. மெக்கானிக் சொல்லித்தான் தெரியும். இத்தனைக்கும் நான் எஞ்சினியரிங் படித்தவன். கம்ப்யூட்டர் சயின்ஸ், அது வேறு கதை.

எனக்குத் தெரியாத இன்னொன்று: இந்தக் காருக்கு இரண்டரை மாதம் முன்னால்தான் 220 டாலர் கொடுத்து "கூலண்ட் ஃப்ளஷ்" செய்திருந்தேன். தெரியாதது எது என்றால், அந்த வேலைதான் இதற்குக் காரணம் என்பது.

நவம்பர் 16, சனிக்கிழமை. ஆயில் மாற்றவும் வின்டர் டயர் போடவும் ஒரு பெரிய சர்வீஸ் கடைக்குப் போயிருந்தேன். கார் கம்பெனியின் டீலர் இல்லை. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கடை. பளபளவென்று இருக்கும், காபி இலவசம், வைஃபை உண்டு. உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆகியிருக்கும். கவுண்டர் பையன் கையில் டேப்லெட்டுடன் வந்தான். ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பில் என் காரின் கூலண்ட்டை எடுத்து வந்து காட்டினான். "கலர் மங்கிடுச்சு பாருங்க, குளிர்காலம் வருது, பின்னாடி பேபி சீட் பார்த்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவ்வளவுதான். பேபி சீட் என்ற வார்த்தைக்குப் பிறகு என் காதில் எதுவும் விழவில்லை. டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டேன். ஃப்ளஷ் 189, ஒரு புதுக் கிளாம்ப் 6, அதற்கு மேல் 13 சதவீதம் எச்எஸ்டி. மொத்தம் 220 டாலர் 35 சென்ட்.

நான் செய்யும் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வங்கியின் மென்பொருளில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் நான் மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். ஏன் மாற்றுகிறாய், மாற்றாவிட்டால் என்ன ஆகும், தப்பானால் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவாய் என்று கேட்பார்கள். மற்றவர்களிடம் அதே கேள்விகளைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு அந்தப் பையனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: "என் கார் மேனுவலில் இதை எப்போது மாற்றச் சொல்லியிருக்கிறது?"

அந்த மேனுவல் கார் வாங்கிய நாளிலிருந்து கிளவ் பாக்ஸில் தூங்குகிறது. என்னுடையது நான்கரை வருடமான டொயோட்டா, அப்போது 72,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. தொழிற்சாலையில் ஊற்றப்பட்ட இளஞ்சிவப்புக் கூலண்ட்டை முதல்முறை மாற்ற வேண்டியது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டரில், அதன் பிறகு ஒவ்வொரு 80 ஆயிரத்துக்கும் என்று போட்டிருக்கிறது. அதாவது, பாதி ஆயுள்கூட முடியாத ஒன்றைக் காசு கொடுத்து வெளியே கொட்டியிருக்கிறேன்.

கூலண்ட் மாற்றுவதே ஏமாற்று வேலை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தேவையான வேலை. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 வரை உறையாது. ஒரு வேடிக்கை, கிளைக்காலைத் தனியாக ஊற்றினால் மைனஸ் 12, 13-லேயே உறைந்துவிடும். "ஸ்ட்ராங்காப் போடுங்க" என்று கேட்பது இந்த விஷயத்தில் எடுபடாது. உறையாமல் இருக்கும் குணம் எளிதில் போகாது. ஆனால் துருப்பிடிக்காமல் காக்கும் ரசாயனங்கள் காலப்போக்கில் தீர்ந்துபோகும். அப்புறம் ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் அரிக்க ஆரம்பிக்கும். அந்தக் காலத்துப் பச்சைக் கூலண்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் ஆயுள். இப்போது வருபவை ஐந்து, பத்து வருஷம் தாங்கும். கடைக்காரரின் பேச்சு மட்டும் இன்னும் பழைய ரெண்டு வருஷக் கணக்கிலேயே நிற்கிறது, அது அவருக்கு வசதி. கலரைப் பார்த்து முடிவு செய்வதும் அப்படித்தான். கலர் வெறும் சாயம். கூலண்ட் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சின்னத் தாள் பட்டை இருக்கிறது, உறைநிலை பார்க்கக் கையடக்கக் கருவி இருக்கிறது. ஒரு சொட்டு போதும், ஒரு நிமிஷ வேலை.

என் அப்பா காலத்தில் இந்தப் பேச்சே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலை ஏறும்போது வழியில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாக அம்பாஸடர்கள் நிற்கும். அப்பா ஈரத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறப்பார், புஸ்ஸென்று ஆவி வரும், ஓடையிலிருந்து பிடித்த தண்ணியை ஊற்றுவார். அப்படித் திறப்பது எவ்வளவு ஆபத்து என்று இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அங்கே தண்ணி உறையும் பிரச்சினை இல்லாததால் "ரேடியேட்டருக்குத் தண்ணி" என்ற அறிவோடு நம்மில் பலர் விமானம் ஏறிவிட்டோம். அந்த அறிவை வைத்துக்கொண்டு கனடாவில் ஒரு கவுண்டர் பையன் முன்னால் நின்றால் அவன் சொல்வதுதான் வேதம்.

அன்று பிளாசா வாசலில் நின்றுகொண்டு ஸ்கார்பரோவில் மார்க்கம் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனின் கராஜுக்கு போன் போட்டேன். அவர்கள் 'கராஜ்' என்பார்கள், எனக்கு 'ஒர்க்‌ஷாப்' என்றுதான் வாயில் வரும். பிரேக் மாற்ற ஒருமுறை போயிருந்தேன். "தம்பி, மூடியைத் திறக்காதேங்கோ. எஞ்சினை நிப்பாட்டிட்டு அப்படியே விடுங்கோ. பிள்ளையை வேற ஆரோடயும் அனுப்புங்கோ" என்றார். மனைவி டாக்ஸி பிடித்து வந்து மகளைக் கூட்டிப்போனாள். முக்கால் மணி நேரம் கழித்து அவருடைய பையன் ஒரு கேனோடு வந்தான், ஆறின என்ஜினில் ஊற்றி, மெதுவாக ஓட்டிக் கராஜுக்குக் கொண்டு சேர்த்தோம்.

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால், நவம்பரில் போட்ட புதுக் கிளாம்ப் ஹோஸில் சரியாக உட்காரவில்லை. சொட்டுச் சொட்டாக வெளியேறியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஃப்ளஷ் செய்தவர்கள் உள்ளே இருந்த காற்றையும் முழுசாக வெளியே எடுக்கவில்லை. "இது எங்க செய்விச்சனீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டினார். பிறகு கருவியை எடுத்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். மைனஸ் 24. மெஷினில் தண்ணி விட்டுக் கழுவியிருக்கிறார்கள், என்ஜினுக்குள் தங்கின தண்ணியைக் கணக்கில் எடுக்காமல் ஏற்கெனவே பாதித் தண்ணி கலந்து வரும் கூலண்ட்டை மேலே ஊற்றியிருக்கிறார்கள். "ரொறன்ரோவுக்குள்ள ஓடக் காணும். சட்பரி, மொன்றியல் பக்கம் போறதெண்டால் காணாது" என்றார். நிறமும் பச்சை. என் காருக்குச் சொல்லப்பட்டது இளஞ்சிவப்பு.

பச்சை என்றதும்தான் எனக்குச் சுரீரென்றது. ஒரு வாரம் முன்னால் வீட்டு டிரைவ்வேயில் பனிமேல் ஒரு பச்சைக் கறை கிடந்தது. "அப்பா, பச்சை ஐஸ்!" என்று மகள் குனிந்து தொடப் போனாள். கண்ணாடி கழுவும் திரவம் சிந்தியிருக்கும் என்று சொல்லி அவளை இழுத்துக்கொண்டு போனேன். நான் ஊற்றும் அந்தத் திரவம் நீலம் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும். கொஞ்சம் போனாலும் சிறுநீரகத்தைத் தீர்த்துவிடும் விஷம் அது. உங்கள் காருக்குக் கீழே எந்த நிறக் கறையைப் பார்த்தாலும், இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும், இதை மறக்காதீர்கள்.

சரி, இனி நான் வெட்கப்படும் இடம்.

அண்ணன் கிளாம்ப்பைச் சரிசெய்து, குறைந்ததை ஊற்றி, மூடி இருக்கும் இடத்தில் ஒரு புனலை மாட்டி, ஹீட்டரை முழுசாக வைத்து என்ஜினை ஓடவிட்டு, குமிழ் வருவது நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. "அறுபது டொலர் குடுங்கோ" என்றார். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "அண்ணா, கேஷா குடுத்தா நாப்பதுக்குப் பண்ணலாமா? பில்லெல்லாம் வேண்டாம்."

அவர் கோபப்படவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, அங்க இருநூறு டொலர் குடுக்கேக்க இப்பிடிக் கேட்டனீங்களோ?"

அன்றைக்கு ஐம்பது கொடுத்துவிட்டு வந்தேன், பில் இல்லாமல். அந்தக் கேள்வி ஒரு மாதமாகக் கூடவே வருகிறது.

நான் கேட்டுப் பார்த்த வரையில் இது என் ஒருவன் வியாதி இல்லை. காபி இலவசமாகக் கொடுக்கும் கடையில், ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் உச்சரிப்பு இடறுமோ, விஷயம் தெரியாதவன் என்று நினைப்பார்களோ, ஏழை என்று நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறோம். அந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்த இருநூறு. தமிழில் பேசக்கூடிய இடத்துக்கு வந்ததும் அடக்கி வைத்த வாய் திறக்கிறது. அங்கே விட்டதை இங்கே பிடிக்கப் பார்க்கிறோம். "நம்ம ஆளு, ஏமாத்திடுவான்" என்று ஒரு சந்தேகம், "நம்ம ஆளுதானே, குறைக்கட்டும்" என்று ஒரு உரிமை. ரெண்டும் ஒரே மூச்சில். ஒன்டாரியோவில் கார் மெக்கானிக் வேலை சான்றிதழ் இல்லாமல் செய்யக்கூடிய தொழில் அல்ல. பல ஆண்டுப் பயிற்சி, வகுப்பு, தேர்வு எல்லாம் உண்டு. அண்ணனின் சான்றிதழ் சாமி படத்துக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கிறது. நான் என் ஒரு மணி நேரத்துக்கு என்ன வாங்குகிறேன் என்று எழுதினால் அவரிடம் பத்து டாலர் குறைத்ததற்கு நீங்களே என்னைத் திட்டுவீர்கள்.

ஆனால் கராஜ் வைத்திருப்பவர்கள் பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது. அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண், இங்கேயே மார்க்கமில் பிறந்து வளர்ந்தவள். நம்ம ஆட்கள் கடைக்கு ஏன் போவதில்லை என்று கேட்டேன். "அண்ணா, எனக்கு பேரம் பேசத் தெரியாது. எங்க அப்பா போனா ஒரு விலை, நான் போனா ஒரு விலை. போர்டுல விலை போட்டிருக்கிற இடத்துல ஏமாந்தாலும் எல்லாரோடையும் சேர்ந்துதான் ஏமாறுறேன்" என்றாள். பேரம் பேசுபவனுக்குக் குறையும் இருபது டாலர், பேசத் தெரியாத அடுத்த தலைமுறைப் பிள்ளையின் பில்லில் ஏறுகிறது. தமிழ் தடுமாறும் பிள்ளைகள் தமிழ்க் கடைக்கு வராமல் போவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். விலையை எழுதி ஒட்டுங்கள், எஸ்டிமேட்டைத் தாளில் கொடுங்கள் என்று நம் கராஜ்காரர்களிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. பில் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அதைக் கேட்க முடியாது.

பில்லின் அருமை எனக்கு அடுத்த வாரமே தெரிந்தது.

ஒன்டாரியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கார் ரிப்பேருக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. உங்கள் ஒப்புதல் இல்லாத வேலைக்குக் காசு கேட்க முடியாது. எழுத்தில் கொடுத்த எஸ்டிமேட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டி வாங்க முடியாது. கழற்றிய பழைய பாகத்தை வேண்டுமா என்று கேட்க வேண்டும். போட்ட புதுப் பாகத்துக்கும் அதைப் போட்ட கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரன்டி. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் இதைப் படிக்க எனக்கு ஒரு என்ஜின் கொதிக்க வேண்டியிருந்தது.

எண்ணிப் பார்த்தேன். 73 நாள், 2,900 கிலோமீட்டர். தைரியமாகப் போனேன். மேனேஜர் மரியாதையாகவே பேசினார். "கூலண்ட் திரவம், திரவத்துக்கு வாரன்டி கிடையாது" என்றார். அது உண்மை, சட்டத்திலேயே திரவம், ஃபில்டர், டயர், பேட்டரி எல்லாம் விலக்கு. ஆனால் ஒழுகியது நீங்கள் போட்ட கிளாம்ப், உங்கள் பில்லில் ஆறு டாலர் என்று இருக்கிறது என்று தாளைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்தார். "அந்தக் கிளாம்ப்தான் பிரச்சினை என்று யார் சொன்னது? வேறு கடையில் சரிசெய்திருக்கிறீர்களே, அவர்கள் கொடுத்த பில் எங்கே?"

பில் எங்கே? நாற்பதுக்குப் பண்ணலாமா என்று கேட்டவனின் கையில் பில் எப்படி இருக்கும். அண்ணன் அதில் கிளாம்ப், காற்று, மைனஸ் 24 என்று மூன்று வரி எழுதிக் கொடுத்திருப்பார். அந்த மூன்று வரியைப் பத்து டாலருக்கு விற்றிருந்தேன். அடுத்த ஆயில் சேஞ்ச் இலவசம் என்று ஒரு கூப்பன் கொடுத்து அனுப்பினார்கள். அது இன்னும் பர்ஸில் இருக்கிறது, போகப் போவதில்லை.

போன சனிக்கிழமை கராஜுக்குப் போனேன். இருந்ததை முழுக்க வடித்து, மேனுவலில் சொன்ன இளஞ்சிவப்பு கூலண்ட்டை ஊற்றி, ஓடவிட்டு, மறுபடியும் வடித்து ஊற்றினார். வடித்ததைச் சாக்கடையில் விடாமல் டிரம்மில் பிடித்து வைத்தார், அதைத் தனியாக வந்து எடுத்துப் போவார்களாம். கடைசியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு என்னையும் கருவிக்குள் பார்க்கச் சொன்னார். நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடு மைனஸ் 37-ல் நின்றது.

"நூற்றி நாப்பது. வரியோட பில் போடவோ?" என்றார், கொஞ்சம் குறும்பாக.

"போடுங்கண்ணா. என்னென்ன பண்ணீங்கன்னும் எழுதிடுங்க."

158 டாலர் 20 சென்ட். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிலோமீட்டர், கூலண்ட்டின் பெயர், உறைநிலை எல்லாவற்றையும் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். என் வயசுதான் இருக்கும், பேச்சில் மதுரை வாடை. "அண்ணே, எனக்கு பிரேக் பேடு மட்டுந்தான். கேஷா குடுத்தா எவ்வளவுண்ணே?"

அண்ணன் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த டயர் விளம்பரத்தைப் படித்துக்கொண்டு நின்றேன்.